குளத்து முனியும் குழந்தைகளும்

தண்ணீரைப் பற்றி நம் குழந்தைகளுக்கு நாம் முதன்முதலிற் கற்பிப்பது யாது? அது எங்கிருந்து வருகிறது என்பதன்று. எதற்குப் பயன்படுகிறது என்பதுமன்று. "குளத்துப் பக்கம் போகாதே, முனி பிடித்துக்கொள்ளும்" என்பதே நாம் புகட்டும் முதற்பாடம். தோட்டமாயினும் பட்டணமாயினும் இதில் பெரிய வேற்றுமையில்லை.

இவ்வச்சம் குழந்தையைக் காக்கும் என்று பெற்றோர் எண்ணுகின்றனர். எத்தனை நாள் காக்கும்? ஐந்து வயதுக் குழந்தை அஞ்சும். எட்டு வயதில் அதே குழந்தை நண்பகலிற் குளக்கரைக்குச் சென்று முனியைத் தேடும், காணாது. பெரியவர்கள் சொன்னது பொய்யென்று தெளிந்து நீரில் இறங்கும். பொய் வெளிப்பட்ட அந்த நாழிகையில் அக்குழந்தையிடம் வேறு பாதுகாப்பு ஒன்றுமில்லை.

இதனை நான் கற்பனையாக எழுதவில்லை. என் இளமையில் நாங்கள் வாழ்ந்த தோட்டத்தில், பருவமழையால் அல்லூர் கரைபுரண்ட ஒரு நாளில், பந்தை எடுக்க இறங்கிய சிறுவன் ஒருவன் மீளவில்லை. முனி அடித்துவிட்டதென்று லயத்து மக்கள் கூறினர், கோழி பலியிட்டனர். கோழியை அறுத்தார்களேயன்றிக் கரைக்கு வேலியிட எவரும் முன்வரவில்லை. மறுவாரமே அவ்விடத்தில் வேறு பிள்ளைகள் விளையாடினர். அச்சிறுவனைக் கொன்றது முனியன்று. வழுக்கும் களிமண் கரையும், முந்தின நாள் முழங்காலளவாயிருந்து அன்று தலைக்கு மேல் ஓடிய வெள்ளமுமே கொன்றன.

நான் அறிவியலை ஆங்கிலத்திற் பயின்றவன். கடல்நீர் ஆவியாகி, மேகமாகி, பனிமலையில் விழுந்து, ஆறாய் ஓடும் படம் பாடப்புத்தகத்தில் அழகாக இருந்தது. ஆயினும் எங்கள் வீட்டுக் குழாய் நீர் எந்த ஆற்றினது என்று அப்புத்தகமும் கூறவில்லை, வீட்டாரும் கூறவில்லை. ஆகவே, இப்போது ஞாயிறுதோறும் லயத்துப் பிள்ளைகளை அழைத்துச்சென்று மூன்றே கேள்விகளைக் கற்பித்து வருகிறேன்.

முதற் கேள்வி: இந்த நீர் எங்கிருந்து வருகிறது? குழாயிலிருந்து தொட்டிக்கும், தொட்டியிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கும், அங்கிருந்து ஆற்றுக்கும் எண்ணத்தாற் பின்னோக்கி நடக்கிறோம். ஆற்றுநீரிற் படிகாரச் சத்தைச் சேர்த்துச் சேற்றைப் படியவைத்து, மணலில் வடித்து, கிருமிகளைக் கொல்லக் குளோரின் கலப்பதைச் சொல்லுகிறேன். 2019 மார்ச்சில் ஜொகூர், பாசிர் கூடாங்கில் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டபோது பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினர். 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆற்றில் எறிவது எங்கோ போய்விடுவதில்லை, நம்மிடமே திரும்புகிறது என்பதைப் பிள்ளைகள் உடனே விளங்கிக்கொள்ளுகின்றனர்.

இரண்டாவது: எவ்வளவு ஆழம்? நீண்ட மூங்கிலைப் பெரியவர் ஒருவர் அல்லூரில் ஊன்றி, ஈரமான அளவைப் பிள்ளையின் உயரத்தோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் அளந்தால் பாடம் தானே நடந்துவிடும். தவழும் குழந்தைக்கு இரண்டு அங்குல நீரும் ஆபத்து; ஆதலின் வாளியைக் கவிழ்த்து வைப்பது அக்காள் அண்ணன்மாரின் கடமை. ஒருவன் நீரில் விழுந்தால் மற்றவன் குதிக்கலாகாது. கூவவேண்டும், கயிறோ மூங்கிலோ நீட்டவேண்டும்.

மூன்றாவது: எதற்கு உரியது? குடிக்கும் நீர் வேறு, துணி துவைக்கும் நீர் வேறு, செடிக்கு ஊற்றும் நீர் வேறு. ஒரு நிமிடம் நன்றாகக் கொதித்தால் நீரிலுள்ள நோய்க்கிருமிகள் மடியும், களைக்கொல்லி மடியாது. பாராகுவாட் 2020 முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஏனைய மருந்துகள் புழக்கத்தில் உள்ளன. அவற்றின் காலிக் கலன்களை மூன்று முறை அலசி, மீண்டும் பயன்படாதவாறு துளையிடுவதே முறை என்பதைக் கணக்கெழுதும் நான் அறிவேன். லயத்துப் பிள்ளை அறிவதெப்படி? தேங்கிய நல்ல நீரிலேயே ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. ஏழு முதற் பத்து நாட்களுக்குள் முட்டை கொசுவாகிப் பறக்கிறது. அதனால் வாரம் ஒருமுறை பூத்தட்டுகளையும் பழைய டயர்களையும் கவிழ்க்கும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்திருக்கிறேன்.

"கிராணி ஐயா, முனி என்றால்தான் பிள்ளைங்க அடங்கும்" என்று ஒரு பாட்டி என்னிடம் வாதிட்டார். நான் மறுமொழி கூறவில்லை. அவருடைய ஆறு வயதுப் பேத்தி கூறிவிட்டாள். பழைய சாமான் வியாபாரியிடம் வாங்கிய நீலக் கலனிலிருந்து காப்பிக்குத் தண்ணீர் எடுத்தபோது, "பாட்டி, இதிலே முன்னே என்ன இருந்திச்சு?" என்று அவள் கேட்டாளாம். பாட்டிக்குத் தெரியவில்லை. அன்றே ஆணியால் அதில் நான்கு துளைகள் இட்டுக் குப்பையிற் சேர்த்துவிட்டார்.

பெற்றோர்களே! முனியைச் சொல்லி அடக்கிய பிள்ளை அப்படிக் கேட்டிருக்குமா? வரும் ஞாயிறன்று ஒரு மூங்கிலோடு உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்புறமுள்ள அல்லூர்வரை நடந்துபாருங்கள்.