பட்டியலில் துணி சேர்ப்பதா, வேண்டாமா?

கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பில் நாற்பது நிமிடம் அசையாமல் உட்கார்ந்தவர்கள்தானே, படித்துவிடுவீர்கள்.

என் அண்ணன் மகளுக்கு ஐப்பசியில் பிரசவம் என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். பெங்களூரில் வேலை. கூட வேலை பார்ப்பவர்கள் ‘பேபி ரெஜிஸ்ட்ரி’ போடச் சொன்னார்களாம். அது என்னவென்று தெரியாத என் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று பெற்றோரே பட்டியல் எழுதிச் செல்போனில் எல்லோருக்கும் அனுப்புவது. ஒருவர் ஒன்றை வாங்கியதும் அது பட்டியலில் அடிபட்டுவிடும். அதே பொருள் இரண்டாவது வராது. ஒரே கல்யாணத்தில் ஏழு சுவர்க்கடிகாரமும் ஒன்பது ஹாட்பாக்ஸும் வந்ததைப் பார்த்தவள் நான். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துத்தான் இருக்கிறது.

பட்டியலை எனக்கும் அனுப்பினாள். கொசுவலை, குளிப்பாட்டும் தொட்டி, தெர்மாமீட்டர் என்று இருபது சாமான் இருக்கும். துணி மட்டும் ஒன்றுகூட இல்லை. “ஏன்டி, பிள்ளை அம்மணமாகவா இருக்கும்?” என்று கேட்டேன். “சேர்த்திருந்தேன் அத்தை. அம்மாதான் எடுக்கச் சொல்லிட்டாங்க” என்றாள்.

பிறக்கும் முன்னே துணி எடுக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம். வளைகாப்பில் தாய்க்குச் சேலை உண்டு, வளையல் உண்டு, ஐந்து வகைச் சோறு உண்டு. வயிற்றில் இருப்பதற்கு ஒரு நூல்கூடக் கிடையாது. பிறந்த பின்னும் தாத்தா வேட்டியில் கிழித்த துண்டு, பாட்டியின் நைந்த நூல் சேலை. புதுச்சட்டை பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோதான் வரும். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று மாப்பிள்ளை சொன்னாராம். அறிவியல் டீச்சராயிற்றே, நானும் அதைத்தான் சொல்வேன் என்று நினைத்திருக்கிறார். நான் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

1986-ல் மதினிக்குத் தலைப்பிரசவம். கையில் தையல் மெஷின் இருந்ததால் ஆசையாக ஆறு குட்டிச் சட்டை தைத்து வைத்திருந்தார். பொத்தான் வைத்தால் குத்தும் என்று எல்லாவற்றுக்கும் நாடா. வலி வந்தபோது கட்டிலில் வைத்துத் தூக்கித்தான் மலை இறக்கினார்கள். பிள்ளை தங்கவில்லை. வெறும் கையோடு திரும்பி வந்தவரின் கண்ணில் முதலில் பட்டது டிரங்குப் பெட்டி மேல் அடுக்கியிருந்த அந்த ஆறு சட்டை. முன்கூட்டி எடுத்து ஒளித்து வைக்க வீட்டில் ஆள் இல்லை. எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருந்தோம். அதற்குப் பிறகு இரண்டு பிள்ளைகள் பெற்றார். இரண்டுக்கும் அவர் முன்னதாக ஒரு தையல்கூடப் போடவில்லை.

1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதைப் பார்க்கவில்லை. ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. அப்படிப்பட்ட காலத்துத் தாய்மார்கள் பிள்ளை கைக்கு வந்து நிலைத்த பிறகு துணி எடுப்போம் என்று முடிவு செய்ததில் என்ன மூடத்தனம் இருக்கிறது? 2020-ல் அந்த 129 என்பது 28 ஆகிவிட்டது, தமிழ்நாட்டில் 13. மதினிக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். “அந்தப் பதிமூணில் ஒண்ணு நம்ம வீட்டில் வராதுன்னு எழுதித் தருவியா?” என்றார். எழுதித் தர முடியாது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மதினியும் ஒத்துக்கொண்டார். அடுக்கத்தில் ஐப்பசி, கார்த்திகை எப்படி இருக்கும் என்று இங்கே படித்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெருமழை பெய்தால் மண் சரிந்து பாதை அடைத்துக்கொள்ளும். கீழே பெரியகுளத்துக்கும் போக முடியாது, மேலே பெருமாள்மலைக்கும் போக முடியாது. அந்த நேரத்தில் ஆன்லைனில் ஆர்டர் போட்டால் பார்சல் எந்த வளைவில் நிற்குமோ. அது போகட்டும், துணி காய்வதே பெரும்பாடு. பச்சைப் பிள்ளை ஒரு நாளில் எத்தனை முறை நனைக்கும்! சமவெளியில் ஒரு டஜன் துணி வைத்துச் சமாளிக்கலாம். இங்கே மூடுபனியில் இரண்டு நாள் கொடியில் கிடந்தாலும் ஈரம் போகாது, இரண்டு டஜன் வேண்டும். அடுப்புக்கு மேலே காயவைத்தால் புகையேறிவிடும், அது பிள்ளைக்கு ஆகாது.

குளிர்தான் பெரிய விஷயம். பிறந்த குழந்தையால் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் இப்போது பிறந்ததும் துடைத்துத் தாயின் நெஞ்சோடு ஒட்டிப் போர்த்துகிறார்கள். 24 மணி நேரமாவது குளிப்பாட்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நமக்கு ஒரு சட்டை போதும் என்றால் பிள்ளைக்கு அதற்கு மேல் ஓர் அடுக்கு கூட வேண்டும். குல்லாயும் காலுறையும் பதினாறாம் நாள் வரட்டும் என்று காத்திருக்க முடியுமா?

இதில் ஒரு வேடிக்கை. 2015-ல் நம் அரசு தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருட்கள். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை எல்லாம் உண்டு, தாய்க்கு லேகியம்கூட உண்டு. அது அரசு ஆஸ்பத்திரியில் பிரசவித்த பிறகு கையில் கிடைத்தது. குளிர்நாடான பின்லாந்தில் 1938-லேயே இதே போன்ற பெட்டி வந்துவிட்டது. முதலில் ஏழைத் தாய்மாருக்கு, 1949 முதல் எல்லாருக்கும். அங்கே பிறக்கும் முன்பே கொடுத்துவிடுகிறார்கள், நாலாம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. உள்ளே பெரும்பகுதி துணிதான். வளர வளரப் போட்டுக்கொள்ளப் பல அளவுகளில், பனிக்கு வேண்டிய உடுப்பு உட்பட. பெட்டியையே பிள்ளைக்குப் படுக்கையாகவும் போடலாம். அடுக்கத்து மழைக்காலத்துக்கு எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் நானும் மதினியும் அண்ணன் மகளும் போனிலேயே பேசி முடித்தோம். துணி பட்டியலில் இருக்கும், ஆனால் வாங்குகிறவர்கள் பிள்ளை பிறந்த செய்தி கேட்ட பிறகு வாங்க வேண்டும் என்று மேலேயே எழுதிவிட்டாள். அளவு ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை. இது மதினி யோசனை. எல்லாரும் பொம்மைச் சட்டை போலச் சின்னதாகவே வாங்குவார்கள். பிள்ளை இரண்டு மாதத்தில் அதைத் தாண்டிவிடும். ஐப்பசியில் பிறந்தால் ஆறு மாதத்தில் சித்திரை, அதனால் கையில்லாத மெல்லிய பருத்திச் சட்டை. அடுத்த குளிருக்கு ஒரு வயது அளவில் இரண்டு ஸ்வெட்டர். பெங்களூர்க்காரர்கள் அழகு பார்த்து வாங்கும் சரிகைப் பட்டுப்பாவாடை வேண்டவே வேண்டாம், அதை நான் சொன்னேன்.

பிறந்த நாளிலிருந்து முப்பது நாள் வரைக்கும் வேண்டியது பட்டியலில் வராது. அதெல்லாம் பழைய துணி, அதற்கு மதினிக்கு ஆட்சேபம் இல்லை. குல்லாயும் காலுறையும்கூட என் பேரன் போட்டதே இருக்கிறது.

அதனால்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். பெரியகுளம், தேனிப் பக்கம் இருக்கும் சொந்தங்கள் நைந்த நூல் சேலையோ நாலு முழ வேட்டியோ இருந்தால் எடுத்து வையுங்கள். கஞ்சி போடாதது, சாயம் போகாதது. முக்கியமாக, அந்துருண்டை போட்டு வைத்த துணி வேண்டாம். ஜி-சிக்ஸ்-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள பிள்ளைகளுக்கு அந்த வாடையே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். எந்தப் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரியாது. பெட்டியில் உருண்டையோடு கிடந்தது எவ்வளவு நல்ல துணியானாலும் நமக்கு ஆகாது.

புரட்டாசி முடிவதற்குள் அண்ணன் மகளைப் பெரியகுளத்தில் என் தங்கை வீட்டுக்கு இறக்கிவிடுவோம், மழைக்கு முன்பே. துணிகளை அங்கேயே கொடுத்துவிடுங்கள். வெந்நீரில் அலசி, அங்குள்ள வெயிலில் காயவைத்து மூட்டை கட்டிக்கொள்வது என் வேலை.