எலையத் திருப்பு

பூம்பாறையில் பூண்டு எடுத்து முடித்த கையோடு அம்மாச்சி விறகுக்குச் சோலைப் பக்கம் கிளம்பிவிடுவாள். நானும் மாமா பையனும் பின்னாலேயே ஓடுவோம். அவளுக்கு விறகு, எங்களுக்குத் தவிட்டுப்பழம்.

பழம் பழுக்காத நாளில் அந்தச் செடியைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடு. பக்கத்திலேயே நாக்குக்கறுப்பான் நிற்கும். இரண்டுக்கும் ரோஸ் நிறத்தில் ஐந்து இதழ்ப் பூ. இரண்டுக்கும் எதிரெதிர் இலை. இலையில் அடியிலிருந்து நுனிவரை நீளவாக்கில் ஓடும் நரம்புகள். நாங்கள் பூவைப் பார்த்துத் திகைத்து நின்றால், "எலையத் திருப்பு கழுத" என்பாள். திருப்பினால் தெரிந்துவிடும். தவிட்டிலையின் அடிப்பக்கம் வெளுத்து, மெத்தென்று பஞ்சு படிந்திருக்கும். மற்றது பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு.

பூவையும் அவள் சும்மா விடமாட்டாள். தவிட்டுப் பூவின் நடுவில் எண்ணி மாளாத ரோஸ் இழைகள். நாக்குக்கறுப்பானில் பத்தே பத்து. நீளமாக வளைந்த ஐந்து ஊதா, குட்டையான ஐந்து மஞ்சள். அதன் காய் வெடித்தால் உள்ளே கறுப்புக் கூழ். தின்றுவிட்டு வீட்டில் பொய் சொல்ல முடியாது, நாக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

சில செடிகளுக்கு மூக்குதான் சாட்சி. சோலை ஓரத்தில் வெள்ளை மணி மணியாய்ச் சின்னப் பூ விடும் புதர் ஒன்று உண்டு. அதன் தடித்த இலையைக் கசக்கினால் சுளுக்குக்குத் தேய்க்கும் தைல வாசனை குப்பென்று ஏறும். விண்டர்கிரீன் தைலம் என்று கொடைக்கானல் கடைகளில் விற்பது அந்த வாசனைதான். கால் வலிக்கிறது என்று நான் முனகினால் அந்த இலையைத்தான் கசக்கித் தேய்த்துவிடுவாள்.

பண்ணைக்காட்டில் சின்னம்மா வீட்டுக்கு இறங்கும்போது வேலியில் காந்தள் ஏறியிருக்கும். பச்சையாய் விரிந்து, மஞ்சளாகி, சிவந்து முடியும் பூ, யாருக்கும் தெரியும். அம்மாச்சி காட்டியது பூக்காத கொடியை. இலையின் நுனியே சுருண்டு பக்கத்துக் கொம்பைப் பிடித்திருக்கும். "நுனி சுருண்டா கெழங்கத் தொடாத, வெசம்." வேறு கிழங்கு என்று நினைத்துத் தின்று உயிரை விட்டவர் கதைகள் அவளிடம் இருந்தன. பூ வரும்வரை காத்திருந்தால் அந்த எச்சரிக்கைக்கு என்ன பயன்?

கல்லூரியில் தாவரவியல் எடுத்தபோது இது தலைகீழாயிற்று. மகரந்தத்தாள் எத்தனை, சூற்பை மேலா கீழா என்று பூவிலிருந்துதான் பாடம் தொடங்கும். பாதர் கே.எம். மேத்யூ 1999-இல் வெளியிட்ட பழனிமலைத் தாவரநூலைப் புரட்டும்போது எங்கள் ஊர்ச் செடிகள் லத்தீன் பெயரோடு வரிசையாக நின்றன. பூ சரியாக இருந்தால் குடும்பம் வரை போய்விடலாம். ஆனால் மலையில் ஒரு செடி பூவோடு நிற்கும் நாள் கொஞ்சம்தான்.

அதிலும் குறிஞ்சி. 1994-இல் சரிவெல்லாம் நீலமாகப் பூத்தபோது வேன் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். விதை விட்டதும் புதர் மொத்தமாகக் காய்ந்தது. பிறகு அந்தப் பக்கம் ஒருவரும் வரவில்லை. மழைக்கு முளைத்த கன்றை அம்மாச்சிதான் எனக்குக் காட்டினாள். எதிரெதிர் இலை, ஓரம் பல்பல்லாக, மேலே உழுத சால்போல் பதிந்த நரம்பு, அடியில் வெளுப்பு. "இப்பவே பழகிக்க. பூத்த பெறவு எவனும் சொல்லுவான்."

அந்த இலை தெரியாதவருக்கு அது வெறும் புதர். வெட்டி எறிய மனம் கூசாது. புல்வெளிகளில் வேட்டிலும் பைனும் நட்டபோது குறிஞ்சி நின்ற சரிவுகள் எத்தனையோ போயின. பிறகு 2006-லும் 2018-லும் பூத்தது. அடுத்த பூப்பு 2030. இடைப்பட்ட 11 வருஷமும் அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள், அதன் இலையைத் தெரிந்தவர்கள்தான்.