பங்க் கிளாஸில் வங்கக்கடல்

வியாழன், சென்னை ஆர்பர்

அத்தைக்கு எழுபது நடக்கிறது. ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து மாமாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கை ஆர்பர் கேட் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவர். கேட்டைத் தாண்டிக் கால் வைத்தது இன்றைக்குத்தான். ஆதாரையும் டிக்கெட்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டதும், "உள்ள இன்னா கீதுன்னு பாக்க அந்தமானுக்கே டிக்கெட் எடுக்கணுமாடா?" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார். மாமா விஞ்ச் ஓட்டியவர். 1983-இல் இங்கே கன்டெய்னர் முனையம் வந்தது; மூட்டையும் கொக்கியுமாக வேலை பார்த்தவர்களின் கூட்டம் அதற்குப்பின் வருஷா வருஷம் கரைந்தது. எந்தக் கிரேனைப் பார்த்தாலும் "இதுவா அவர் ஓட்டினது?" என்றுதான் அத்தை கேட்கிறார்.

போர்ட் பிளேரில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாருக்கும் அது இன்னும் போர்ட் பிளேர்தான்.

எங்களுக்குக் கிடைத்தது பங்க் கிளாஸ். செங்குத்தான இரும்புப் படிகளில் இறங்கிப் போனால் பெரிய கூடம், வரிசை வரிசையாக மேலும் கீழும் படுக்கைகள், டீசல் வாடை. பிள்ளைகள் மேல்பங்குக்கு அடித்துக்கொண்டார்கள்.

அந்தி சாயும் நேரத்தில் டக் படகுகள் இழுத்துவிட, பைலட் கப்பலை ஆர்பர் வாய்க்கு வெளியே கொண்டுவந்து சேர்த்துவிட்டுக் கயிற்றேணியில் தன் படகுக்கு இறங்கிப் போனார். எல்லாரும் மேல்தளத்துக்கு ஏறிவிட்டோம். காசிமேட்டுப் படகுகள், அதற்கு வடக்கே திருவொற்றியூர், கடைசியில் எண்ணூர்ப் புகைபோக்கிகள். பிறந்து வளர்ந்த கரையைக் கடலிலிருந்து பார்ப்பது எங்களில் ஒருவருக்கும் பழக்கமில்லை. மீன்பிடிக்கப் போகிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். எங்களுக்குக் கடல் என்றால் சுவருக்கு அந்தப்பக்கம்.

அத்தை பிறந்தது திருவொற்றியூர்க் குப்பம் ஒன்றில். அந்தத் தெரு இப்போது இல்லை. இந்தக் கரையோரமாக ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1875-இல் ஆர்பர் கட்டத் தொடங்கியபோது கல்சுவர் அதன் குறுக்கே விழுந்தது. 1881 புயல் அந்தச் சுவரைக் குலைத்தும் விடவில்லை, மறுபடி கட்டினார்கள். தெற்கே மணல் தங்கித் தங்கி மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் கடல் உள்ளே வந்தது. இன்றைக்கும் கருங்கல்லைக் கொட்டித்தான் மிச்சத்தைக் காப்பாற்றுகிறோம். மெரினாவில் காற்று வாங்குகிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ, அவர்கள் காலடி மணலில் எங்கள் பங்கும் உண்டு. அத்தை இதையெல்லாம் பேசவில்லை. பேத்தியிடம் கையை நீட்டி, "எங்க தெரு இந்தக் கப்பலுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல கீது" என்றார். அவள் குனிந்து தண்ணீருக்குள் தேடினாள்.

வெள்ளி

விடிந்தபோது எந்தப் பக்கமும் கரை இல்லை, போனில் சிக்னல் இல்லை. சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அவோமின் போட்டு, எலுமிச்சையை மோக்கக் கொடுத்து, மேல்தளத்தில் காற்றுப்படப் படுக்க வைத்தோம். பக்கத்துப் பங்க் அம்மா, "அலையப் பாக்காதே கண்ணு, தூரத்துக் கோட்டைப் பாரு" என்றார். அவர் பேரன் பேத்தி எல்லாம் தீவில் பிறந்தவர்கள். கண் ஆபரேஷனுக்குச் சென்னை வந்துவிட்டு வீடு திரும்புகிறார். இந்தக் கப்பலில் பாதிப்பேர் அப்படித்தான்: ஆஸ்பத்திரி, காலேஜ், கல்யாண ஜவுளி. தீவுக்காரர்களுக்கு டிக்கெட் விலையும் நம்மைவிடக் குறைவு.

ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒருத்தி சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் போய்வந்தவள். 2022 ஜூனில் முதலமைச்சர் கொடியசைத்து அனுப்பினாரே, அந்த எம்பிரஸ். அடுத்த வருஷம் அது இலங்கைக்கும் போனது: அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. நீச்சல்குளம், இரவுப் பாட்டு, கண்ட நேரத்தில் சாப்பாடு என்று அவள் போட்டோக்களைக் காட்டியபோது ஆசையாகத்தான் இருந்தது. எங்கள் கப்பலில் மணி அடித்தால் தட்டோடு வரிசை; சோறு, பருப்பு, ஒரு பொரியல். ஆனால் அந்தக் கப்பல் ஏற்றிக்கொண்ட இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. இதில் ஒவ்வொருவருக்கும் போய்ச்சேர ஒரு வீடு இருக்கிறது. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது, கழிவறையைத் தவிர.

சாயந்தரம் பெரியவர்களின் பேச்சு ரஜூலாவில் தொடங்கியது. 1926-இல் கட்டிய கப்பல்; மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை தமிழர்களை ஏற்றி இறக்கியது. அதற்கப்புறம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கிய சிதம்பரம். 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் அது தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்தக் கப்பல் வந்தபோது வேலைக்குப் போன மாமா மறுநாள்தான் வீடு வந்தார் என்று அத்தை சொன்னார். அதற்கு மேல் சொல்லவில்லை.

சனி

கழிவறையைப் பற்றி எழுதாமல் இருப்பதே மரியாதை. தண்ணீர் நின்றுவிட்டது, புகார் சொல்ல மேலே போனால் கீழே கைகாட்டுகிறார்கள்.

பகலெல்லாம் மேல்தளத்திலேயே கிடந்தோம். கப்பலின் முகப்பிலிருந்து கோலா மீன்கள் சிதறிப் பறந்தன. கருவாட்டுக் கடையில் பார்த்த மீன் பறக்கும் என்று பிள்ளைகள் நம்பவில்லை, பார்த்த பிறகும் பூச்சி என்றே சாதித்தார்கள். கீழே மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் என்று இவர் சொல்ல, அத்தை கம்பியைவிட்டு ஓரடி பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

விடியல் முன்னாடியே வந்துகொண்டிருக்கிறது. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் கடிகாரம் ஒன்று, சூரியன் மட்டும் அங்கே ஐம்பது நிமிஷம் முந்தி. விமானத்தில் போகிறவர்களுக்கு அது அங்கே இறங்கியபின் தெரியும். நாங்கள் காலைக்குக் காலை கொஞ்சம் கொஞ்சமாக அதை வாங்கிக்கொண்டே போகிறோம்.

இன்னொன்று, மொட்டைமாடி நினைவு. வெள்ளைத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டியிருந்தேன், நாள் முழுக்க வெள்ளையாகவே இருந்தது. ராயபுரத்தில் துணி காயப்போட்டால் கரித்தூள் படிந்த காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2011-இல் ஐகோர்ட் உத்தரவுக்குப் பிறகுதான் ஆர்பரில் நிலக்கரி இறக்குவது நின்றது. அது எங்கும் போய்விடவில்லை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இறங்குகிறது. எங்கள் துணி வெளுத்தது, எண்ணூர்க்காரர்கள் துணி கறுக்கிறது.

ஞாயிறு, போர்ட் பிளேர், ஹாடோ ஜெட்டி

போனில் சிக்னல் வந்ததும் கப்பல் முழுக்க ஒரே "ஹலோ". தென்னை மரங்கள், தகரக் கூரைகள், ஜெட்டியில் நாத்தனார் குடும்பம். "திரும்பும்போது பிளைட்ல போங்கம்மா, ரெண்டரை மணி நேரம்தான்" என்றாள் நாத்தனார். அத்தை மாட்டேன் என்றார். காபி குடித்த கையோடு இவரை ஃபீனிக்ஸ் பே டிக்கெட் கவுன்டருக்குத் துரத்தினார்: கீழ்பங்காக இருக்கணும், கக்கூஸ் பக்கம் வேண்டவே வேண்டாம், பகல்ல மெட்ராஸ் போய்ச் சேர்ற கப்பலான்னும் கேட்டுக்கோ. "வரிசை தெருவரைக்கும் நிக்குது" என்று இவர் இப்போதுதான் போன் செய்தார்.