மேகமூட்டமும் தரவு இடைவெளியும்: ஒரு மின்கலக் குறிப்பு

களப்பணி முறையியல் வகுப்புகளில் கூறெடுப்பு உண்டு, ஆய்வறம் உண்டு, புள்ளியியல் உண்டு. மின்கலத்தைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில், சோ கர் ஏரிக்கு அருகே, ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில், மின்கம்பி எட்டாத கூடாரத்தில் இரண்டு இலையுதிர்காலங்களைக் கழித்தபின், அதையும் முறையியலின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

முதலில் கணக்கு. எங்களிடம் இருந்தவை 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில மின்கலம் ஒன்றும், 100 வாட் சூரியத் தகடு ஒன்றும். பெருக்கினால் 1,200 வாட்-மணி. ஆனால் இவ்வகை மின்கலத்தைப் பாதிக்கு மேல் அடிக்கடி வடியவிட்டால் அதன் ஆயுள் விரைவில் குன்றும். எனவே கையாளக்கூடியது 600. உறைநிலைக் குளிரில் அதிலும் ஐந்தில் ஒரு பங்கு கழிந்துவிடும். மிஞ்சுவது 480. செலவுப் பக்கம்: நான்கு ஒலிவாங்கிகளை இணைத்த பதிவுக் கணினி, 10 வாட் வீதம், ஒரு நாளுக்கு 240, மடிக்கணினி 120, விளக்கும் கேமராவும் 40. தெளிந்த நாளில் தகட்டிலிருந்து 400 வரும். வரவும் செலவும் சரி. அடுத்தடுத்து இரண்டு நாள் வானம் மூடினால் மூன்றாம் இரவு கருவி ஊமையாகிவிடும்.

குளிரின் போக்கு விசித்திரமானது. சூரியத் தகட்டுக்கு அது நன்மை: வெப்பம் குறையக் குறைய அதன் மின்னழுத்தம் உயரும். (இரண்டு தகடுகளைத் தொடராக இணைப்போர், மின்னேற்றக் கட்டுப்படுத்தியின் உச்ச வரம்பை அதிகாலைக் குளிருக்கு ஏற்பப் பார்த்துக்கொள்ள வேண்டும்.) மின்கலத்துக்கோ அது பகை. நிறைந்த ஈய-அமில மின்கலம் கடுங்குளிரிலும் உறையாது. வடிந்ததன் அமிலம் நீர்த்துவிடுவதால், உறைநிலைக்குச் சில பாகை கீழேயே உறைந்து பெட்டி வெடிக்கலாம். இரண்டாம் ஆண்டு கொண்டுசென்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலம் எடை குறைந்தது, ஆழமாக வடிந்தாலும் தாங்கும். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றினால் எதிர்மின்வாயின்மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து நிலையான கேடு விளையும். ஆகவே இரவில் தகட்டின் இணைப்பைக் கழற்றி, மின்கலத்தைக் கம்பளியில் சுற்றி உறங்குபைக்குப் பக்கத்தில் வைப்போம். காலையில் வெயில் வந்தாலும், அது வெதுவெதுப்பாகும்வரை இணைப்பதில்லை. ஒளி வீணாகிறதே என்று மனம் பதைக்கும் ஒரு மணி நேரம் அது.

அங்குள்ள சாங்பா மேய்ப்பர்களின் கூடாரங்களிலும் இப்போது சூரியத் தகடுகள் உண்டு. எங்கள் அண்டை வீட்டுப் பெரியவர் தம் தகட்டை நாளுக்கு மூன்று முறை ஞாயிற்றின் பக்கம் திருப்பிவைப்பார். எங்கள் கூடாரக் கயிற்றின் நிழல் தகட்டின்மேல் விழுவதைச் சுட்டிக்காட்டியவரும் அவரே. தகட்டின் சில்லுகள் தொடராக இணைந்தவை. ஒரு சில்லில் விழும் நிழல் பாதித் தகட்டையே முடக்கிவிடும்.

என்னை உறுத்தியது வேறொன்று. முதல் ஆண்டுப் பதிவுகளில் ஒன்பது இரவுகள் வெறுமையாக இருந்தன. அவற்றை வரைபடத்தில் வைத்துப் பார்த்தபோது, ஒன்பதும் மேகமோ பனியோ சூழ்ந்த நாள்களைத் தொடர்ந்து வந்தவை. அதாவது, அந்த இடைவெளிகள் தற்செயலானவை அல்ல. பறவைகள் மோசமான வானிலையில் எப்படிக் குரலெழுப்புகின்றன என்பதே எங்கள் கேள்விகளுள் ஒன்று. அந்த வானிலைதான் எங்கள் தரவில் இல்லை. சராசரியை எடுத்து இடைவெளியை நிரப்பியிருந்தால், ஆய்வேடு சாங்தாங்கின் தெளிந்த வானத்தை மட்டுமே விவரித்திருக்கும்.

வண்டி எஞ்சினை ஓடவிட்டு மின்னேற்றலாமே என்று கேட்டார்கள். வெறுமனே ஓடும் எஞ்சின் தரும் மின்னோட்டம் சொற்பம். டீசலோ தொலைவிலிருந்து சுமந்து வருவது. போதாததற்கு, ஒலிப்பதிவு நடக்கும் இடத்தில் எஞ்சின் இரைச்சல்!

இரண்டாம் ஆண்டு, வெயிலோ மேகமோ, எல்லா நாள்களிலும் பதிவைப் பன்னிரண்டு மணி நேரமாகக் குறைத்தோம். கருவியின் செலவு 120 ஆனது. வானம் மூடினால் முதலில் மடிக்கணினி அணையும். குறிப்புகளைப் பென்சிலால் எழுதுவோம். பழைய மின்கலத்தின் கணக்குப்படியே ஒளியில்லாமல் மூன்று நாள் ஓடும். தெளிந்த நாள்களின் தரவில் பாதியை இழந்தோம், அது உண்மை. ஒவ்வொரு மாலையும் மின்கலத்தின் வோல்ட் அளவைத் தரவு அட்டவணையில் தனிப் பத்தியாகச் சேர்க்கிறோம். மதிப்பாய்வாளர் ஒருவர் அதை நீக்கச் சொன்னார், நான் நீக்கவில்லை.

மின்சாரமில்லாத களங்களில் பணியாற்றும் நண்பர்கள் தத்தம் தரவின் வெற்றிடங்களை வானிலையோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால், கண்டதை இங்கே எழுதுங்கள்.