நேற்று என்று சொல்லிவிட்டால் 'ஹேவ்' கிடையாது

பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் எதற்குள் நுழைந்தாலும் சுவரில் ஒரு சார்ட் தொங்கும். 12 டென்ஸும் 12 கட்டத்தில். பிரசன்ட் பெர்ஃபெக்ட் என்ற கட்டத்தில் 'ஹேஸ், ஹேவ் பிளஸ் வி-த்ரீ' என்று எழுதி, அடியில் பொடி எழுத்தில் 'ஜஸ்ட், ஆல்ரெடி, யெட், சின்ஸ், ஃபார்' என்று போட்டிருப்பார்கள். இந்தச் சொற்களில் ஒன்று கண்ணில் பட்டால் ஹேவ் போடு, படாவிட்டால் போடாதே. அவ்வளவுதான் பாடம்.

அரசு உதவிபெறும் பள்ளியொன்றில் காலமெல்லாம் இங்கிலீஷ் கிராமர் நடத்தி ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு அந்தச் சார்ட்டைக் கண்டாலே பிரஷர் ஏறும். போதாக்குறைக்கு, அவரிடமே படித்துவிட்டு இப்போது அப்படியொரு சென்டரில் வகுப்பெடுக்கும் பையன் கடைத்தெருவில் பார்த்துச் சொன்னான்: "நீங்க மாசக்கணக்கா இழுத்ததை நாங்க ஒரே கிளாஸ்ல முடிச்சுடறோம் சார்." கேலியாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான். மாசக்கணக்காக இழுத்தது எதற்கு என்பது அவனுக்கே பிடிபடவில்லையே என்பதுதான் வாத்தியாரின் ஆற்றாமை.

கோ, வென்ட், கான் மனப்பாடம் ஆகாதவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கப்போவதில்லை என்பது அவர் நம்பிக்கை. ஆகவே நேரே விஷயத்துக்கு வருவார்.

1970 ஏப்ரல் 13 இரவு, நிலவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த அப்போலோ 13இல் ஆக்சிஜன் தொட்டி ஒன்று வெடித்தது. உள்ளே இருந்த விண்வெளி வீரர்களில் முதலில் ஜாக் ஸ்விகர்ட்டும், தரையிலிருந்து மறுபடி கேட்டபோது ஜிம் லவலும் சொன்னது 'வீவ் ஹேட் எ ப்ராப்ளம்'. 1995இல் வந்த சினிமாவில் டாம் ஹேங்ஸ் அதை 'வீ ஹேவ் எ ப்ராப்ளம்' என்று சொன்னார். ஊர் உலகத்துக்கு நினைவிருப்பது சினிமா வசனம். வாத்தியார் இரண்டையும் போர்டில் எழுதிப் போட்டுவிட்டு வகுப்பைப் பார்ப்பார். சினிமாவுக்கு வேண்டியது அந்த நொடியின் பதற்றம். உள்ளே இருந்தவர்கள் சொன்னது வேறு: இப்போதுதான் ஏதோ நடந்தது, என்னவென்று தெரியவில்லை, அதன் பலன் கண்ணெதிரே மீட்டரில் தெரிகிறது. 'வீ ஹேட் எ ப்ராப்ளம்' என்றிருந்தால் பிரச்சினை தீர்ந்தபிறகு சொல்லும் கதை மாதிரி ஆகியிருக்கும். நடுவில் ஒலித்தும் ஒலிக்காமலும் வரும் அந்த 'வ்'தான் நடந்ததை இந்த நிமிஷத்தோடு முடிச்சுப் போடுகிறது.

இதுவரை யாருக்கும் சிரமம் இல்லை. தமிழ்ப் பிள்ளைகள் தடுக்கி விழுவது 'நேற்று' என்ற வாசற்படியில்.

'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே.' முதல் ரேங்க் வாங்கும் பிள்ளையும் இதை எழுதும். சிவப்பு மையால் அடித்துவிட்டு 'எஸ்டர்டே வந்தால் ஹேவ் வராது' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அடுத்த வாரமும் அதே வாக்கியம் வரும். காரணம் கவனக்குறைவு அல்ல. நம் பேச்சில் இதற்கு இடம் இருக்கிறது. காலையில் கதவைத் திறக்கிறோம், வாசல் நனைந்து கிடக்கிறது. "ராத்திரி மழை பெஞ்சிருக்கு" என்கிறோம். மழையை யாரும் பார்க்கவில்லை, ஈரத்தைத்தான் பார்த்தோம். நடந்தது ராத்திரி, தடயம் இப்போது. 'இரு' என்ற துணைவினை இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. நடுவே 'ராத்திரி' என்று நேரத்தைக் குறித்தாலும் தமிழுக்கு உறுத்துவதில்லை.

இங்கிலீஷ்காரனும் ஈர வாசலைப் பார்த்து 'இட் ஹேஸ் ரெய்ன்ட்' என்பான். கூடவே 'லாஸ்ட் நைட்' சேர்த்தால் வாக்கியம் கெட்டுவிடும். சம்பவத்துக்கு முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறித்துவிட்டால், அது அந்த நேரத்தோடு போயிற்று. இன்றைய ஈரத்தை அதே வினையில் கொண்டுவர முடியாது. 'இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்' என்றுதான் சொல்ல வேண்டும். பார்க்காமல் ஊகித்தது என்பதும் தெரியவேண்டுமென்றால் 'இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்'.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கை தூக்க வேண்டும். "லாஸ்ட் நைட் இருக்கே சார், இங்க மட்டும் ஹேவ் எப்படி?" தூக்கவில்லை என்றால் வகுப்பு தூங்குகிறது என்று அர்த்தம். 'மஸ்ட்' போன்ற சொல்லுக்குப் பின்னால் 'ரெய்ன்ட்' என்று நேராகப் போட வழியில்லை. இறந்தகாலத்தைக் காட்ட அங்கே கையில் இருப்பது ஹேவ் ஒன்றுதான். அதனால் அந்த இடத்தில் அது வெறும் இறந்தகாலத்துக்குப் பதில் ஆளாக நிற்கிறது, நேற்றோடு அதற்குச் சண்டை இல்லை. இந்தக் கேள்விக்குச் சார்ட்டில் கட்டம் கிடையாது.

ஜெர்மன்காரர்களும் இதே படியில்தான் விழுகிறார்கள் என்று தெரிந்தபோது வாத்தியாருக்கு ஓர் அற்ப சந்தோஷம். ஜெர்மன் பேச்சில் 'ஹாபன்' போட்ட வடிவம் சாதாரண இறந்தகாலமாகவே ஆகிவிட்டது. 'நேற்று' தாராளமாகக் கூட வரும். பிரெஞ்சுப் பேச்சிலும் அதே கதை. இந்த மூன்றில் இங்கிலீஷ் மட்டும் அந்தப் பக்கம் போகாமல் பிடிவாதமாக நின்றுகொண்டிருக்கிறது.

இனி, சார்ட்டின் பொடி எழுத்துக்கு வருவோம். 'ஃபார்' வந்தால் ஹேவ் என்கிறது அது. இன்டர்வியூவில் ஒருவன் 'ஐ ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் அந்த வேலையை விட்டுவிட்டான். 'ஐ ஹேவ் ஒர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறான். 'ஃபார்' இரண்டிலும் இருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்று கேட்கவேண்டுமா வேண்டாமா என்பதே இதில் அடங்கியிருக்கிறது. நம் பையனோ இரண்டையும் விட்டுவிட்டு 'ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பான். "அஞ்சு வருஷமா வேலை பாக்கறேன்" என்பது தமிழில் நிகழ்காலம் அல்லவா?

'ஜஸ்ட்', 'ஆல்ரெடி' கதையும் அப்படித்தான். பிரிட்டிஷ்காரர் 'ஐவ் ஜஸ்ட் ஈட்டன்' என்னும் இடத்தில் அமெரிக்கர் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்று சாதாரணமாகச் சொல்வார். 'டிட் யூ ஈட் யெட்?' என்றும் கேட்பார். ராத்திரி முழுக்க அமெரிக்க சீரியல் பார்க்கும் பிள்ளைகளிடம் காலையில் இந்தச் சார்ட்டைக் காட்டினால் யாரை நம்புவார்கள்?

சொற்களைப் பார்த்து முடிவு செய்ய முடியாத வாக்கியங்கள்தான் ருசியானவை. காலை 10 மணிக்கு 'ஹேவ் யூ சீன் த மேனேஜர் திஸ் மார்னிங்?' என்று கேட்கலாம். மத்தியானம் 3 மணிக்கு 'டிட் யூ சீ' என்றுதான் கேட்க வேண்டும். மாறியது கடிகாரம் மட்டும். 'ஹி ஹேஸ் கான் டு மதுரை' என்றால் ஆள் ஊரில் இல்லை. 'ஹி ஹேஸ் பீன் டு மதுரை' என்றால் போய்விட்டுத் திரும்பியவர், பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி காட்டிய உதாரணம் ஒன்று வாத்தியாருக்கு மிகப் பிடிக்கும்: 'ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்' என்ற வாக்கியம் உறுத்துகிறது, ஏனென்றால் ஐன்ஸ்டைன் இப்போது இல்லை. அதையே 'பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்' என்று திருப்பிப்போட்டால் சரியாகிவிடுகிறது, ஊர் இருக்கிறதே! பாசிவ் வாய்ஸை மார்க்குக்கான வித்தை என்று நினைத்திருக்கும் வகுப்பு இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரும்.

இப்போது போனில் ஒரு ஆப் சிவப்புக் கோடு போடுகிறது. பிள்ளை அதைத் தொடுகிறது, 'ஹேவ் சீன்' மறைந்து 'சா' வருகிறது. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

யூட்யூப் பார்க்கும் பையன் ஒருவன் வேறு வழியில் மடக்கினான். இங்கிலாந்தில் பழைய ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் டிவியில் உட்கார்ந்து, எப்போதோ முடிந்த மேட்சின் கோலை விவரிக்கும்போது 'ஹீஸ் பீட்டன் ஹிஸ் மேன், ஹீஸ் ஹிட் இட்' என்று வரிக்கு வரி பெர்ஃபெக்டாகவே அடுக்குகிறார்கள். ஆஸ்திரேலியாவில் போலீஸ்காரர்கள் சம்பவத்தை நிருபர்களிடம் சொல்லும் பேச்சிலும் இது உண்டு. "அவங்களே பேசறாங்களே சார்?" பேசுகிறார்கள்தான். ரீப்ளே திரையில் ஓடும்போது கோல் கண்முன்னே மறுபடி விழுகிறது. அதை இப்போதைக்கு இழுத்துவரத்தான் அந்த வடிவம். அவர்கள் தெரிந்தே இழுக்கிறார்கள். நாம் தெரியாமல் இழுக்கிறோம் என்றார் வாத்தியார். பையன் ஒப்புக்கொண்டமாதிரித் தெரியவில்லை.

கேள்வித்தாள் தயாரிப்பவர்கள் மேல்தான் அவருக்குத் தீராத வருத்தம். கோடிட்ட இடத்தை நிரப்பு என்று கொடுத்துவிட்டு, வாக்கியத்தின் கடைசியில் 'எஸ்டர்டே' என்று விடையையும் வைத்துவிடுகிறார்கள். பிள்ளை வாக்கியத்தைப் படிப்பதே இல்லை, கடைசிச் சொல்லைப் பார்த்துவிட்டுக் கோட்டை நிரப்புகிறது. 'எஸ்டர்டே'யை எடுத்துவிட்டு 'ஐ லாஸ்ட் மை கீ', 'ஐவ் லாஸ்ட் மை கீ' என்று இரண்டையும் கொடுங்கள். எந்த ஆள் இன்னும் பூட்டிய வீட்டுக்கு வெளியே நிற்கக்கூடும் என்று கேளுங்கள். காரணத்தைத் தமிழில் எழுதினாலும் மார்க் போடுங்கள் என்று ஆசிரியர் கூட்டமொன்றில் அவர் சொல்லிப் பார்த்தார். விடைக்குறிப்பு எப்படித் தயாரிப்பது என்று கேட்டார்கள்.