38-ஆம் குறிப்பு

கடலில் எண்ணெய் தேடும் கம்பெனி ஒன்றின் சென்னை அலுவலகத்தில் நான் சேர்ந்த முதல் வருடம், ஆண்டறிக்கையின் 38-ஆம் குறிப்பை என் பொறுப்பில் விட்டார்கள். ஐந்தொகையில் ஏறாத பணத்துக்கான பக்கம் அது. கையெழுத்துப் போட்டாகிவிட்டது, பணம் இன்னும் போகவில்லை என்றால் கமிட்மென்ட். ஒன்று நடந்தால் போகும், நடக்காவிட்டால் போகாது என்றால் கண்டிஞ்சென்ட் லயபிலிட்டி. இரண்டையும் எழுதியே ஆகவேண்டும் என்கிறது கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை.

கிணறு துளையிடும் ரிக்கின் வாடகை நாள் கணக்கு. பாக்கி நாட்களை வாடகையால் பெருக்கி எழுதிக் கொடுத்துவிட்டேன். துளையிடும் பிரிவில் ஓய்வுக்குக் காத்திருந்த பொறியாளர் ஒருவர் தாளைப் பார்த்தார். “தம்பி, வேலை முடிஞ்சா ரிக் எப்படித் திரும்பிப் போகும்?” என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. இழுவைக் கப்பல் பிடித்து அதைக் கொண்டுபோய் விடும் செலவும் எங்களுடையது என்று ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் ஒரு வரி இருந்தது. நான் பின்னிணைப்பைப் புரட்டவே இல்லை. கணக்கு கையெழுத்தாக இன்னும் நான்கு நாள் இருந்ததால் திருத்த முடிந்தது. அந்த நான்கு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. அந்தப் பக்கத்தை நம்பிப் பணம் போடுகிறவர்களில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்களும் உண்டு. நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை பார்த்து, பி.எஃப். பணத்தில் கொஞ்சம் பங்கு வாங்கியவர்கள்.

அதன்பின் ஒவ்வொரு ஏப்ரலிலும் பேரேட்டை மூடிவைத்துவிட்டு ஆட்களைத் தேடிப் போனேன். துளையிடும் பிரிவு, சட்டப் பிரிவு, கொள்முதல் பிரிவு. போய் உட்கார்ந்து, “எதற்குக் கையெழுத்துப் போட்டீர்கள், யாருக்கு என்ன சொன்னீர்கள்?” என்று கேட்பேன். எந்த மென்பொருளும் இதைத் தராது.

இந்தத் தொழிலில் பெரிய வாக்கு அரசுக்குக் கொடுப்பது. எண்ணெய் தேட ஒரு பிளாக் கிடைத்தால், இத்தனை கிலோமீட்டர் நிலநடுக்க அலை ஆய்வு, இத்தனை கிணறு என்று குறைந்தபட்ச வேலைத் திட்டம் எழுதிக் கொடுக்கிறோம். முதல் கிணறு வறண்டு போனாலும் அடுத்ததைத் தோண்ட வேண்டும். தோண்டாவிட்டால் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும். அதற்குப் பேங்க் கேரண்டி. கேரண்டிக்கு ஈடாக எங்கள் டெபாசிட் வங்கியில் முடங்கிக் கிடக்கும்.

ஒரு பிளாக்கில் பல கம்பெனிகள் கூட்டாக இருக்கும். காவிரிப் படுகையின் பி.ஒய்.-3 வயல் புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. கண்டுபிடித்தது. 1997-இல் உற்பத்தி தொடங்கியது. வயலை நடத்தியது ஹார்டி என்ற கம்பெனி. பங்கு ஓ.என்.ஜி.சி.க்கு 40 சதவீதம், எச்.ஓ.இ.சி.க்கும் டாடா பெட்ரோடைனுக்கும் தலா 21, ஹார்டிக்கு 18 என்று இருந்தது. இந்தமாதிரிக் கூட்டில் அவரவர் பங்கு அளவுக்குத்தான் குறிப்பில் எழுதுவார்கள். ஆனால் ஒருவர் தன் பங்குப் பணத்தைக் கட்டாவிட்டால் அந்தச் சுமை மற்றவர்கள் மேல் விழும். பி.ஒய்.-3 உற்பத்தி 2011 ஜூலையில் நின்றது. எண்ணெய் வருவது நின்றாலும் கடலடியிலுள்ள கிணறுகளை ஒருநாள் சிமென்ட் போட்டு அடைக்க வேண்டிய கடமை நிற்பதில்லை.

அதே 2011, டிசம்பர் 30. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பம், முந்திரிக்காட்டு ஊர். அப்பா முந்தின வருடம்தான் ஒரு காட்டை மூன்று வருடக் குத்தகைக்குப் பேசியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் போட்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு ஐந்தொகை போட்டிருந்தால் முந்தின நாள் மாலை வரை கடன் என்று ஒரு ரூபாய்கூட இருந்திருக்காது. விடிந்தபோது மரங்கள் வேரோடு கிடந்தன. குத்தகைக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி. காய்க்க மரம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மரங்களும் சாய்ந்ததால் அவராலும் கட்ட முடியவில்லை. ஜாமீன்தாரர் என்று அப்பா பேருக்குக் கடிதம் வந்தது. காட்டுக்காரரும் நொடிந்துதான் இருந்தார். “அண்ணே, பாதியாவது கொடுங்க, மரத்த அப்புறப்படுத்தணும்” என்றார். அம்மாவின் நகை அடகுக்குப் போனது.

அடுத்த ஏப்ரலில் 38-ஆம் குறிப்பைத் திறந்ததும் அதிலிருந்த வரிசைகளைப் பார்த்துப் பயந்தேன். கேரண்டி ஒரு வரி, கூட்டாளி கட்டாவிட்டால் என்பது ஒரு வரி, கிணறு பாக்கி ஒரு வரி. தனித்தனியாக நின்றன. ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட்டு, வரும் வாய்ப்பு அதிகமானால் ஒதுக்கீடு, வரலாம் என்றால் குறிப்பு, வரவே வராது என்றால் ஒன்றும் வேண்டாம் என்கிறது கணக்கியல் தரம். ஆனால் அவை எல்லாம் ஒரே காற்றில் சாய்கிற மரங்கள். 2014-இல் பேரல் 110 டாலருக்கு மேல் போன எண்ணெய் 2016 ஜனவரியில் 30-க்குக் கீழே வந்தபோது அதைப் பார்த்தேன். விலை விழுந்ததும் கூட்டாளி தன் பங்குப் பணத்தை அனுப்பத் தடுமாறினார், வங்கி கேரண்டிக்குக் கூடுதல் டெபாசிட் கேட்டது, லாபம் தராத கிணறுகளை அடைக்கும் நாளும் முன்னே வந்தது.

‘வரவே வராது’ என்ற பெட்டியிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. கனிமம் எடுப்பதற்குக் கட்டும் ராயல்டியும் வரிதான் என்று 1989-இல் இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலம் அதன்மேல் செஸ் போட முடியாது என்றானது. 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, எட்டுக்கு ஒன்று என்று, அதை மாற்றியது. அடுத்த மாதமே 2005 ஏப்ரல் முதலான பாக்கியையும் மாநிலங்கள் கேட்கலாம் என்றது. 35 வருடம் முன் வந்த தீர்ப்பு. சுரங்கக் கம்பெனிகளில் இந்தக் குறிப்பை எழுதுகிறவர்களை அன்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது எழுதும்போது, வரிசைகளுக்குக் கீழே ஒரு பத்தி சேர்க்கிறேன்: எண்ணெய் விலை இவ்வளவுக்கு இறங்கினால் இவற்றில் எவையெவை ஒன்றாக வரும் என்று. சட்டம் அந்தப் பத்தியைக் கேட்கவில்லை. தணிக்கையாளரோடு இரண்டு வருடம் வாதாடித்தான் அதற்கு இடம் கிடைத்தது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நெய்வேலி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்ட அண்ணன் ஒருவர் ஃபோனோடு வந்தார். எண்ணெய்க் கம்பெனிப் பங்கு வாங்கலாமா என்று கேட்டார். ஆண்டறிக்கையின் முதல் பக்கத்து லாபத்தைக் காட்டினார். “இருங்கண்ணே” என்று வாங்கிக் கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளினேன். “இன்னும் எத்தனை கிணறு பாக்கின்னு பார்ப்போம்.”