கூனிமேட்டுக் கரையிலிருந்து

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிப் புதுச்சேரிச் சாலையில் தெற்கே போனால் கூனிமேடு வருகிறது. கோடை நாட்களில் பாத்திகளின் ஓரத்தில் குவித்த உப்பைப் பார்க்கக் கண் கூசுகிறது. கடற்கரையில் படகுகளும் காயும் வலைகளுமே உள்ளன. நாம் நின்றிருந்தபோது தலைக்கு மேலே ஆகாய விமானம் ஒன்று சென்னைப் பக்கம் போயிற்று.

இந்த மணலுக்கு ஒரு வியாபார சரித்திரம் உண்டு. 1680-களில் ஆங்கிலக் கும்பினியார் இங்கே பண்டகசாலை வைத்தார்கள். செஞ்சிச் சீமை அப்போது மராத்தியர் வசம் இருந்தது; அவர்கள் அனுமதி பெற்றுத்தான் கரையில் மூட்டை இறக்கவேண்டும். 1690-ல் கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துக் கோட்டை கைக்கு வந்தபின் கூனிமேடு மங்கிவிட்டது. கேட்டு வாங்கிய அந்த உரிமை பிற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பது நேயர்கள் அறிந்ததே.

மேலே பறந்த விமானத்துக்கும் அதே சங்கதிதான். ஒரு தேசத்தின் மேலுள்ள வானம் அத்தேசத்துக்கே சொந்தம். இறங்கி ஆள் ஏற்ற அதன் அனுமதி வேண்டும். 1944-ல் சிகாகோவில் ஐம்பதுக்கு மேற்பட்ட தேசங்கள் கூடின. மேலே கடந்து போவதற்கும், எண்ணெய் போட இறங்குவதற்கும் பல நாடுகள் இசைந்தன. பிரயாணிகளை ஏற்றும் வியாபார உரிமையில்தான் பேச்சு முறிந்தது. விமானங்களைக் குவித்து வைத்திருந்த அமெரிக்கா தடையற்ற போட்டி கேட்டது; யுத்தத்தில் இளைத்த பிரிட்டன் அளவு வகுக்க வேண்டுமென்றது. ஆகவே இரண்டிரண்டு தேசங்களாகப் பேரம் பேசும்படி ஆயிற்று.

1946 நவம்பரில், சுதந்திரத்துக்கு முன்பே, இந்தியா அமெரிக்காவுடன் கையெழுத்திட்டது. ஏட்டில் இருவருக்கும் சமமான உரிமை. அவர்களுடைய விமானங்கள் இங்கே வந்ததோடு, வழியிலுள்ள அயல்நாடுகளுக்கும் ஆள் ஏற்றிப் போயின. நம்முடைய ஏர் இந்தியா லண்டனுக்கு முதன்முதல் பறந்ததே 1948 ஜூனில். நியூயார்க்கை எட்டியது 1960-ல். ஓட்ட விமானம் இல்லாதவனுக்கு ஓட்டும் உரிமை என்ன சுகம்? எத்தனை இருக்கை என்பதை இரு சர்க்கார்களும் முன்னதாகவே நிர்ணயிக்க வேண்டுமென்று இந்தியா வற்புறுத்தியது. முதலில் ஓடட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அமெரிக்காவின் கட்சி. இணக்கம் ஏற்படாமல், 1954-ல் இந்தியா ஒப்பந்தத்தை முறிக்க அறிவிப்புக் கொடுத்தது. 1955 ஜனவரியில் அது காலாவதியாயிற்று. புது ஒப்பந்தம் 1956 பிப்ரவரியில் வந்தது. புதிதாக விடுதலையடைந்த தேசம் இப்படி நிமிர்ந்து நின்றது நமக்குப் பெருமையாகவே இருக்கிறது.

இப்போது கேட்கும் இடத்தில் துபாய் இருக்கிறது. தன் பங்கான வாரம் சுமார் 66,000 இருக்கைகள் போதாதென்று அது மேலும் 50,000 கேட்டது. உயர்த்துவதற்கில்லை என்று 2023-ல் நம் விமானத்துறை மந்திரி சொல்லிவிட்டார். தம் ஊரை நடுவழிச் சந்தியாக்கி, நம்மவர்களை ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அவர்கள் ஏற்றிப் போகிறார்கள் என்பது ஆட்சேபம். நியாயமான ஆட்சேபந்தான். ஆனால் துபாயில் உழைத்து, தங்கையின் கல்யாணத்துக்கு ஊர் வருகிறவன் ஐரோப்பா போகிறவன் அல்லன். இருக்கை குறைந்து கட்டணம் ஏறுகிற மாதங்களில் அந்த ஏற்றத்தைக் கொடுப்பவன் அவன்தான்.